தோட்டத்துப் பறவைக்கு ஃபிளாஷ்: கேமரா மேலா, தனி ஸ்டாண்டிலா, வேண்டவே வேண்டாமா?

கையில் ஒரு 70–300 லென்ஸ் இருக்கிறது. காலையில் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குச் சின்னான் வருகிறது, குண்டுக்கரிச்சான் வருகிறது, தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கத்திவிட்டுப் போகின்றன. ஆனால் மாமர நிழலில் எடுத்த படம் ஒன்று கலங்கலாக இருக்கிறது, இல்லையென்றால் புள்ளி புள்ளியாக இருக்கிறது. ஃபிளாஷ் வாங்கினால் சரியாகுமா? வாங்கி கேமரா மேலேயே மாட்டுவதா, தனியாக ஸ்டாண்டில் நிறுத்துவதா? பறவைப் படத்தில் புதிதாக இறங்கியவர்கள் பலரும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறவை எந்தக் கிளையில் வந்து உட்காரும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமானால் தனி ஃபிளாஷ் வாங்குங்கள். தெரியாதென்றால் ஃபிளாஷ் பணத்தை மிச்சம் பிடியுங்கள். கேமரா மேல் மாட்டும் ஃபிளாஷ் இரண்டுக்கும் நடுவில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் தோட்டத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் இரண்டின் குறைகளும் சேர்ந்த வழி அது.

## எதை வைத்து முடிவெடுப்பது?

பறவைக்கு இடைஞ்சல். இதுதான் முதல் அளவுகோல். படம் எவ்வளவு நன்றாக வந்தாலும், பறவை அந்தத் தொட்டிக்கு வருவதை நிறுத்திவிட்டால் அந்த வழி தப்பு.

இடம் நம் கையில் இருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி, தினை வைக்கும் தட்டு, குலை தள்ளிய வாழை இவையெல்லாம் பறவை திரும்பத் திரும்ப ஒரே புள்ளிக்கு வரும் இடங்கள். வேப்ப மர உச்சி அப்படி இல்லை.

இருக்கிற வெளிச்சம். நம் ஊர் வெயிலை நினைத்து இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மேகமூட்டமான காலையில் அடர்ந்த மாமரத்தின் கீழே லென்ஸ் திறப்பை எஃப்/5.6, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 1600 என்று வைத்தால் ஷட்டர் சுமார் 1/60 நொடியில் வந்து நிற்கும். உட்கார்ந்திருக்கும் குருவி தலையைத் திருப்புவதை நிறுத்தவே 1/500 வேண்டும். அதற்கு ஐஎஸ்ஓவை 12800-க்கு ஏற்ற வேண்டியிருக்கும்.

அசைவு. உட்கார்ந்த பறவை மட்டும் போதுமா, குளிக்கும்போது தெறிக்கும் தண்ணீரும் வேண்டுமா, இறக்கை விரித்து இறங்குவதும் வேண்டுமா?

நிறம். ஆண் ஊதாத் தேன்சிட்டின் மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. ஒளி சரியான கோணத்தில் விழுந்தால் நீலமும் ஊதாவும் தெறிக்கும். தவறினால் வெறும் கருப்பாக இருக்கும். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது இப்படிப்பட்ட பறவைகளுக்கு மிக முக்கியம்.

பணம். வாங்கும் விலையோடு பின்னால் வரும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

| | ஃபிளாஷ் இல்லாமல் | கேமரா மேல் ஃபிளாஷ் | ஸ்டாண்டில் ஒரு ஃபிளாஷ் | மூன்று, நான்கு ஃபிளாஷ் |
|---|---|---|---|---|
| பறவைக்கு இடைஞ்சல் | மிகக் குறைவு | ஒளி நேராகக் கண்ணில் விழும் | பழக்கிவிட்டால் குறைவு | சுற்றிலும் கருவிகள், பழக நாளாகும் |
| அலையும் பறவை | நன்று | முடியும் | முடியாது | முடியவே முடியாது |
| அடர் நிழல் | கஷ்டம் | சுமார் | மிக நன்று | மிக நன்று |
| இறக்கை அசைவை நிறுத்த | நல்ல வெயிலில் மட்டும் | கஷ்டம் | ஓரளவு | இதற்காகவே உள்ள முறை |
| நிறம், உருண்டை வடிவம் | காலை, மாலை ஒளியில் அருமை | தட்டையாகும் | நன்று | நாம் அமைப்பதைப் பொறுத்தது |
| மறைவான செலவு | மென்பொருள், நல்ல கணினி | ஒளிகூட்டி லென்ஸ், பேட்டரி | டிரிக்கர் (தள்ளி நிற்கும் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து எரியவைக்கும் கருவி), ஸ்டாண்ட், பேட்டரி, உறை | எல்லாம் பல மடங்கு, கூடவே நேரம் |

## வழி 1: ஃபிளாஷ் இல்லாமல்

பலர் இதை வசதி இல்லாதவர்களின் வழி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும் தோட்டம் உங்களுக்கு வாய்த்திருந்தால் எந்த ஃபிளாஷும் அதற்கு ஈடாகாது. அதனால் செலவு செய்யும் முன் தொட்டியை நகர்த்திப் பாருங்கள். மரத்தடியில் இருக்கும் தொட்டியைக் காலை வெயில் எட்டும் ஓரத்துக்கு நாலைந்து அடி தள்ளி வைத்தாலே ஷட்டர் வேகம் பல மடங்கு கூடிவிடும். பக்கத்தில் ஒரு செடி மறைவு மட்டும் இருக்கட்டும். வல்லூறு வந்தால் பாய்ந்து ஒளிய இடமில்லாத தொட்டிக்குச் சின்னப் பறவைகள் வரத் தயங்கும்.

நிழலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஐஎஸ்ஓவைத் துணிந்து ஏற்றுங்கள். அடோபி லைட்ரூமில் 2023-இல் வந்த, படத்தின் புள்ளிகளை நீக்கும் டினாய்ஸ் போன்ற வசதிகள் ஐஎஸ்ஓ 6400 படத்தையும் நன்றாகவே துடைத்துத் தருகின்றன. இதில் மறைந்திருக்கும் செலவு மாதச் சந்தாவும் அதைத் தாங்கும் கணினியும். பழைய மடிக்கணினியில் ஒரு படத்துக்கே பல நிமிடம் ஆகும். அகன்ற திறப்புள்ள பெரிய லென்ஸ் இன்னொரு வழி, ஆனால் அது லட்சக்கணக்கில் போகும்.

இந்த வழி யாருக்கு? பறவை அலைந்துகொண்டே இருக்கும் தோட்டக்காரர்களுக்கு, மொட்டை மாடியிலிருந்து மரக்கிளைகளைப் பார்த்து எடுப்பவர்களுக்கு. புதிதாக வந்து இறங்கிய வலசைப் பறவைகளுக்கும் இதுதான். அக்டோபர் வாக்கில் நம் தோட்டங்களில் தென்படும் ஆறுமணிக் குருவி வடக்கிலிருந்து நெடுந்தூரம் பறந்து வந்தது. சில சமயம் களைத்துப்போய் வீட்டுச் சுவரோரமே ஒடுங்கிக் கிடக்கும். அதன் முகத்தில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. தரையில் இலைகளைப் புரட்டிக்கொண்டு நிதானமாக நடக்கும் பறவை என்பதால், மறைந்திருந்து பொறுமையாக எடுத்தால் 1/100-இலும் கூர்மையான படம் கிடைக்கும்.

## வழி 2: கேமரா மேல் ஃபிளாஷ்

இதில் நல்லது ஒன்றுதான்: பறவை எங்கே போனாலும் ஒளியும் கூடவே போகும். பிரகாசமான வானத்தைப் பின்னணியாக வைத்துக் கருத்துத் தெரியும் குக்குறுவானுக்கு லேசாக ஒளி சேர்க்க உதவும். தானியங்கி முறையில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து வைத்தால் ஃபிளாஷ் அடித்ததே தெரியாது, கண்ணில் ஒரு சின்னப் பொட்டு மட்டும் மின்னும்.

முழு ஒளியையும் இதிலிருந்தே எடுக்கப் பார்க்கும்போதுதான் தொல்லை. ஃபிளாஷ் லென்ஸுக்கு மேலேயே இருப்பதால் ஒளி போன வழியே திரும்பி வரும். வெளிச்சம் குறைவான நேரத்தில் பறவையின் கண் உள்ளிருந்து மின்னி, வெள்ளித் தகடு போலாகிவிடும். நிழல்கள் எல்லாம் பறவையின் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடுவதால் உடல் உருண்டையாகத் தெரியாது. அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல இருக்கும்.

தூரத்துப் பறவைக்கு ஒளி எட்டுவதற்காக ஃபிளாஷ் முன்னால் மாட்டும் ஒளிகூட்டி லென்ஸ் விற்கிறார்கள். மெல்லிய பிளாஸ்டிக் வில்லைதான், வேலையும் செய்யும். ஆனால் நம் ஊரில் இதில் ஓர் ஆபத்து உண்டு. சூரியன் அந்த வில்லை வழியாக ஃபிளாஷின் முகத்தில் குவிந்தால் பிளாஸ்டிக் உருகிவிடும். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கும்போது வில்லை வானத்தைப் பார்த்தால் போதும். படம் எடுக்காத நேரத்தில் அதைக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது துணி போட்டு மூட வேண்டும்.

## வழி 3: ஸ்டாண்டில் ஒரு ஃபிளாஷ்

தனி ஃபிளாஷ் என்றதும் எல்லோரும் ஒளியின் திசையைப் பற்றிப் பேசுவார்கள். திசையும் முக்கியம்தான். ஆனால் தோட்டத்தில் அதைவிடப் பெரிய லாபம் தூரத்தில் இருக்கிறது. நீங்கள் பறவையிலிருந்து ஆறு மீட்டர் தள்ளித்தான் உட்கார முடியும், ஃபிளாஷோ இரண்டு மீட்டரில் நிற்கலாம். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், ஆறு மீட்டரிலிருந்து அடிக்கும் அதே ஃபிளாஷுக்கு ஒன்பது மடங்கு சக்தி தேவைப்படும். இரண்டு மீட்டரில் 1/16 சக்தி போதுமான இடத்தில், கேமரா மேலிருந்து கிட்டத்தட்ட பாதிச் சக்தியைச் செலவழிக்க வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று நன்மைகள் வருகின்றன. குறைந்த சக்தியில் அடிப்பதால் ஃபிளாஷ் உடனே அடுத்ததற்குத் தயாராகும். பேட்டரி நீடிக்கும். மூன்றாவதுதான் பெரியது: சாதாரண ஃபிளாஷ்களில் சக்தியைக் குறைத்தால் ஒளி நீடிக்கும் நேரமும் சுருங்கும். கோடாக்ஸ் டிடி600 என்ற கைமுறை ஃபிளாஷுக்கு (சக்தியை நாமே கையால் வைக்கும் வகை) அந்த நேரம் 1/300 நொடியிலிருந்து 1/20000 நொடி வரை என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். ஷட்டர் 1/200-இலேயே இருந்தாலும், 1/16 சக்தியில் ஒளி நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும். அசைவை நிறுத்துவது அந்த ஒளிதான், ஷட்டர் அல்ல.

அமைப்பு எளிது. தொட்டிக்கு ஓரடி மேலே ஒரு கொய்யாக் குச்சியைக் கட்டுங்கள். சின்னான் நேராகத் தண்ணீரில் இறங்குவது அபூர்வம். முதலில் குச்சியில் உட்கார்ந்து, கொண்டையைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்து, பூனை இல்லை என்று தெரிந்த பிறகுதான் இறங்கும். நமக்குப் படம் அந்தச் சில நொடியில். குச்சியிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் 45 டிகிரியில், பறவையைவிடச் சற்று உயரத்தில் ஃபிளாஷை நிறுத்துங்கள். ஒளியை மென்மையாக்க முன்னால் ஒரு சிறிய சாஃப்ட்பாக்ஸ் அல்லது வெள்ளைத் துணி. எதிர்ப் பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் நிழல் பக்கம் இருண்டு போகாது. இரண்டாவது ஃபிளாஷுக்குப் பதில் அதுவே போதும். எஃப்/8, ஐஎஸ்ஓ 400, 1/200, ஃபிளாஷ் 1/16 என்று தொடங்கலாம்.

அளவு பார்க்கப் பறவையைப் பயன்படுத்தாதீர்கள். குச்சியில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்தி, அதில் பாதியைக் கருப்புத் துணியாலும் மீதியை வெள்ளைத் துணியாலும் மூடி, படம் எடுத்துப் பாருங்கள். குண்டுக்கரிச்சானுக்கு இது மிகவும் உதவும், ஏனென்றால் வெள்ளை வயிறும் கருநீல மார்பும் ஒரே படத்தில் வரும். வெள்ளையில் விவரம் தங்கும் வரை சக்தியைக் குறையுங்கள், கருப்பைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம். குச்சிக்கும் ஃபிளாஷுக்கும் இடையிலான தூரம் மாறாததால், ஒருமுறை அளந்தால் அன்று முழுவதும் அது மாறாது. அதனாலேயே இந்த வேலைக்கு லென்ஸ் வழியே ஒளியை அளந்து சக்தியைத் தானே முடிவு செய்யும், விலை கூடிய டிடிஎல் ஃபிளாஷ் தேவையில்லை என்கிறேன். கருப்புப் பறவை வந்தால் ஒளியைக் கூட்டுவதும் வெள்ளைப் பறவை வந்தால் குறைப்பதுமாக டிடிஎல் இங்கே குழப்பத்தான் செய்யும்.

சரி, பறவை பயப்படாதா? பழக்கினால் பெரும்பாலும் பயப்படாது. முதல் சில நாட்கள் வெறும் ஸ்டாண்டை மட்டும் நிறுத்துங்கள். அப்புறம் அதன் மேல் ஓர் அட்டைப் பெட்டி. பறவைகள் அதைக் கண்டுகொள்ளாமல் வந்துபோகத் தொடங்கியதும் பெட்டியை எடுத்துவிட்டு ஃபிளாஷை வைத்து, மிகக் குறைந்த சக்தியில் தொடங்குங்கள். நான் பார்த்தவரை பல பறவைகள் வெளிச்சத்தைவிட ஷட்டர் சத்தத்துக்குத்தான் திடுக்கிடுகின்றன. ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போடலாம் என்றால், பெரும்பாலான கேமராக்களில் அந்த முறையில் ஃபிளாஷ் எரியாது. ஆகவே ஜன்னலுக்குப் பின்னால் திரைச்சீலை மறைவில் உட்கார்ந்து எடுப்பது நல்லது. ஒரு பறவை ஒவ்வொரு மின்னலுக்கும் உடல் குறுகி விலகினால் அன்றைக்கு ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

குறை என்று சொன்னால் முதலில் பின்னணி. ஒளி குச்சியில் மட்டும் விழுவதால் பின்னால் இருக்கும் தோட்டம் இருட்டாகி, காலை எட்டு மணிக்கு எடுத்த படம் நள்ளிரவில் எடுத்ததுபோல ஆகிவிடும். குச்சிக்கு ஒரு மீட்டர் பின்னாலேயே குரோட்டன்ஸ், வாழை போன்ற இலைச் செடித் தொட்டிகளை வைத்தால் ஃபிளாஷ் ஒளியே அவற்றையும் ஓரளவு எட்டும். ஐஎஸ்ஓவை ஏற்றி இயற்கை வெளிச்சத்தைக் கூடுதலாக உள்ளே விடவும் செய்யலாம். ஆனால் அப்போது ஃபிளாஷ் தந்த கூர்மையான உருவத்தோடு, மெதுவான ஷட்டர் பதிந்த மங்கலான ஓர் உருவமும் சேர்ந்து இறக்கை ஓரத்தில் ஆவி போலத் தெரியும். அசையாத பறவைக்கு இது பொருட்டல்ல, குளிக்கும் பறவைக்குப் படமே கெட்டுவிடும். ஃபிளாஷோடு வழக்கமாக 1/200 வாக்கில் நின்றுவிடும் ஷட்டரை அதற்கு மேலும் வேகமாக்க விடும் எச்எஸ்எஸ் முறையில் 1/1000-க்குப் போகலாமே என்று கேட்பார்கள். போகலாம், ஆனால் ஃபிளாஷின் சக்தி இரண்டு ஸ்டாப்புக்கு மேல் விழும், அந்தக் குறுகிய மின்னலின் பயனும் போய்விடும்.

விலைக்கு வருவோம். கைமுறை ஃபிளாஷ் ஒன்றும் ரேடியோ டிரிக்கரும் சேர்ந்து ஏறக்குறைய 12,000 முதல் 15,000 ரூபாய். பிறகு ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி இரண்டு செட், சார்ஜர், ஸ்டாண்ட், சாஃப்ட்பாக்ஸ் என்று இன்னும் நாலைந்தாயிரம் போகும். ஸ்டாண்டின் காலில் செங்கல் கட்டாவிட்டால் காற்றிலோ காக்கை வந்து உட்கார்ந்தோ சாய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாலித்தீன் உறை போட்டாலும் ஈரப்பதம் உள்ளே போகும், ஆகவே இரவில் வெளியே விடக் கூடாது. தினமும் எடுத்து வைக்கும் வேலையை மறைவான செலவுகளிலேயே பெரியது என்பேன். அதற்கு மனமில்லாதவர்கள் வாங்காமல் இருப்பது நல்லது.

இந்த வழி மிகச் சிறப்பாக வேலை செய்யும் இடம் வாழை. தொங்கும் பூவின் மடல் தூக்கியதும் உள்ளே இருக்கும் பூவரிசைக்கு ஊதாப்பிட்டத் தேன்சிட்டு காலையிலிருந்து திரும்பத் திரும்ப வந்து தொங்கும். அடர்ந்த இலை நிழல் என்பதால் இயற்கை ஒளி போதாது; பறவை வரும் புள்ளியோ மாறாது. பக்கவாட்டில் ஒரு மீட்டரில் ஃபிளாஷை வைத்து, கழுத்தின் மினுமினுப்பு எந்தக் கோணத்தில் எழுகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்க்கலாம்.

## வழி 4: மூன்று, நான்கு ஃபிளாஷ்

1930-களிலேயே ஹரால்ட் எட்ஜர்ட்டன் என்ற பொறியாளர் அதிவேக மின்னொளியால் அமெரிக்காவில் ஓசனிச்சிட்டுகளின் (ஹம்மிங்பேர்ட்) இறக்கையைப் படத்தில் உறைய வைத்தார். இன்று நான்கைந்து ஃபிளாஷை 1/16, 1/32 சக்தியில் வைத்து, பின்னால் அச்சிட்ட பச்சைப் பின்னணியை நிறுத்தி எடுக்கும் முறை அந்த வழியில் வந்ததுதான். ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ள பறவை. சர்க்கரைத் தண்ணீர்க் குழாயின் முன் அந்தரத்தில் நின்றபடி குடிக்கும். நம் தேன்சிட்டு ஒரு கணம் அந்தரத்தில் நிற்குமே தவிர, பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்துதான் உறிஞ்சும். அதனால் அங்கே பலன் தந்த செலவு இங்கே அதே அளவுக்குத் தராது.

சின்னான் குளிக்கும்போது சிதறும் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், மைனா இறக்கை விரித்துக் குச்சியில் இறங்குவது வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இதற்குப் போகலாம். அதுவும் ஒற்றை ஃபிளாஷில் நன்றாகத் தேறிய பிறகு.

எல்இடி விளக்கு பற்றியும் கேட்கிறார்கள். இந்த வேலைக்கு வேண்டிய வெளிச்சம் வர வேண்டுமானால் பெரிய விளக்காக வேண்டும், அது முழு நேரமும் பறவையின் கண்ணில் எரிந்துகொண்டிருக்கும். வேண்டாம்.

## எந்த வழியிலும் ஃபிளாஷ் கூடாத இடங்கள்

கூட்டுக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. ஸ்டாண்டும் வெளிச்சமும் தாயை விலக்கும், காக்கைக்கும் வால்காக்கைக்கும் கூட்டின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்றே கணக்கில் வைக்கிறது. தையல்சிட்டு உங்கள் வீட்டு வாசற்படிச் செடியிலேயே கூடு தைத்திருந்தாலும் அங்கே கேமராவை நீட்டாதீர்கள்.

இரவில் புள்ளி ஆந்தைக்கும் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் அடிக்கும் ஒளி அதைச் சில நேரம் தடுமாற வைக்கும், அந்த நேரத்தில் அது பறக்கவும் வேண்டியிருக்கலாம். மாலை வெளிச்சம் இருக்கும்போதே பொந்தை விட்டு வெளியே வந்து உட்காரும் பறவை அது, அப்போது ஃபிளாஷ் இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

## வாங்குவதானால் எந்த வரிசையில்?

முதலில் தொட்டியும் குச்சியும். மண் தொட்டி அகலமாக இருக்கட்டும், தண்ணீர் ஓர் அங்குல ஆழம் போதும், தினமும் மாற்ற வேண்டும். பறவைகள் குச்சியில் உட்காரும் வழக்கம் உறுதியாகும் வரை வேறு எதுவும் வாங்காதீர்கள். அந்த நாட்களில் இயற்கை ஒளியில் எடுத்துக்கொண்டே எந்த மணிக்கு வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து வையுங்கள். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால் உங்கள் தோட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலும் கூடவே கிடைக்கும்.

அதற்குப் பிறகும் நிழல்தான் தடை என்று தெரிந்தால் ஒரு கைமுறை ஃபிளாஷ், டிரிக்கர், ஸ்டாண்ட். டிரிக்கர் வாங்கும்போது மட்டும் உங்கள் கேமரா நிறுவனத்துக்கு உரிய மாதிரியா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். கேனன், நிக்கான், சோனி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாதிரி உண்டு, மாற்றி வாங்கினால் சரியாக வேலை செய்யாது. பின்னாளில் கேமரா நிறுவனத்தை மாற்றினால் டிரிக்கரை மட்டும் மாற்றினால் போதும். ஸ்டாண்டில் நிற்கும் டிடி600 போன்ற கைமுறை ஃபிளாஷ் அப்படியே தொடர்ந்து உதவும்.